தையல் அறைச் சாவி

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் சொல்லியனுப்பும்போதே இன்னொரு வேலையும் நடந்துவிடும். சரக்கு வைக்கிற அறையின் சாவி அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் இடுப்புக்கு வந்துவிடும். மகளோ மருமகளோ, யாராவது ஒருத்தி. வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். "குடியைத் தடுக்கறம்னு சொல்லிட்டு நீங்களே ஊத்திக் குடுக்கறீங்களா?" என்று அரூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா என்னை நேராகவே கேட்டார். ஊரிலிருக்கிற குடியை எல்லாம் ஒழிக்க நாங்கள் கிளம்பவில்லை என்றேன். படிக்கிற வயதுப் பையன் கைக்குக் கிளாஸ் போகக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எங்கள் ஊரில் இப்போது போவதில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

ஆனால் இந்த யோசனை எங்களுக்கு முதலிலேயே வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் பெரிய புத்திசாலிகள் மாதிரி ஒன்று செய்து, ஊர் நடுவில் அசடு வழிந்தோம்.

நான் தையல்காரி. கம்பைநல்லூர் போகிற ரோட்டில் எங்கள் வீடு, முன்னறைதான் கடை. ஊர்ப் பிள்ளைகளின் யூனிபார்ம் முக்கால்வாசி என் மிஷினில்தான் உருவாகும். யாருக்குத் தோள் அகன்றிருக்கிறது, யார் ஒரே வருஷத்தில் பேண்டை விட்டு வளர்ந்துவிட்டான் என்பதெல்லாம் அவரவர் அம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரியும். கழுத்தளவு எடுக்கும்போது டேப்பைச் சுற்றிப் பிடித்துக் குனிய வேண்டும். அப்போது பையனின் மூச்சு என் முகத்தில் படும். அப்படித்தான் ஒருநாள் மத்தியானம், அக்கா கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வந்த ஒன்பதாவது படிக்கிற ஒருவனிடம் பிராந்தி வாடை அடித்தது.

டேப்பை விடாமலே கேட்டேன். "ஏன்டா, கடைக்குப் போனியா?"

"கடைக்கெல்லாம் போவலீங்க அத்தை. மேலத்தெரு எழவு வூட்ல குடுத்தாங்க."

"யாரு குடுத்தது?"

"எங்க சித்தப்பாதாங்க. மோளத்துக்கு முன்னாடி ஆடறதுக்கு."

அவன் குரலில் பயமே இல்லை. பந்தியில் உட்கார்ந்தேன், பாயசம் ஊற்றினார்கள் என்கிற மாதிரி சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஏனென்றால் இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். குழி வெட்டுகிறவர்களுக்கு, பாடை தூக்குகிறவர்களுக்கு, முன்னால் ஆடுகிறவர்களுக்கு எழவு வீட்டில் ஊற்றுவார்கள். ஆடுகிற பையனுக்கு வெட்கம் போக ஒரு வாய். முதல் தடவை காட்டுக்குப் போகிற பையனுக்குப் பயம் தெளிய ஒரு வாய். சுடுகாட்டை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். அங்கே பெண்கள் போவதில்லை. அந்த ஒரு வாயை யாரும் குடி என்று கணக்கில் சேர்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரின் முதல் கிளாஸும் அதுதான். அதற்கப்புறம் அவர் கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை.

எங்கள் மகளிர் குழுவில் இதை எடுத்தேன். பால் சொசைட்டி வராந்தாவில் உட்கார்ந்துதான் எங்கள் கூட்டம் நடக்கும். கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. கடை பக்கத்து ஊரில் இருக்கிறது, நம் பையன்கள் முதல் வாய் குடிப்பது நம் தெருவில் என்றேன். எழவில் சரக்கே வேண்டாம் என்று ஊர்க்கட்டுப்பாடு போடலாம் என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் குழி வெட்ட நாம்தான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பையன்களுக்குக் காப்புக் கட்டிவிடலாம்.

மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் ஊரில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. கட்டியவன் குடிக்க மாட்டான், கறி தின்ன மாட்டான், ஊர் எல்லை தாண்டி ராத்தங்க மாட்டான். எல்லாவற்றையும்விட முக்கியம், எழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பண்டிகை ஆடியில்தான். நாங்கள் சித்திரையிலேயே, பரீட்சை முடிந்த கையோடு கட்டச் சொல்லிக் கேட்டோம்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "இத்தினி நாளைக்கு முன்னாடியே கட்டறதாம்மா? எடையில ஒரு எழவு வந்தா பசங்க போவ முடியாதே?"

"அதுக்குத்தாங்க கட்டச் சொல்றம்" என்றேன்.

அந்தப் பதிலை நான் வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மருந்து எந்த இடத்தில் போட வேண்டுமோ அங்கேயே போட்டுவிட்டதாக நினைப்பு. பையன்களும் சந்தோஷமாகக் கை நீட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தால் ஊரில் ஒரு மரியாதை. பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என் மகனும் கட்டிக்கொண்டான். ஒரு மாசம் ஊர்க் கோழிகளுக்கெல்லாம் நல்ல காலம். பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தது, எங்கள் பையன்கள் ஒருவரும் போகவில்லை. குழுவில் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நானும் இறங்கவில்லை.

எங்கள் குழுவில் அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தோம். சாவு நம் வீட்டிலேயே விழும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வைகாசியில் என் மாமனார் போய்ச் சேர்ந்தார். விடிகாலையில் மாந்தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டு வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். காப்பி எடுத்துக்கொண்டு போனபோது மூச்சு இல்லை. எனக்கு அவர்மேல் பிரியம் அதிகம். என் மிஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். "காலு வலிக்க மிதிக்கறயேம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்பைநல்லூர் போய் வாங்கி வந்தார். வாய்விட்டு அழுதேன். ஆனால் ரொம்ப நேரம் அழ விடவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் காப்புப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பங்காளி வீடுகள். மாமனார் சாவு எங்கள் வீட்டுச் சாவு மட்டும் இல்லை, அத்தனை வீட்டுக்கும் தீட்டு. காப்புக் கட்டிய பையன்களில் முக்கால்வாசிப் பேர் அவருக்கு ஏதோ ஒரு வகையில் பேரன். பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்து உடம்பைச் சுற்றி வந்தால்தான் பெரிய சாவுக்கு அழகு. மூத்த பேரன் என் மகன். அவனோ கையில் மஞ்சள் கயிறோடு, தாத்தா கிடக்கிற வீட்டுக்குள் வர முடியாமல், எதிர் வீட்டுச் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான்.

பொம்மிடியிலிருந்து வந்து இறங்கிய என் நாத்தனார் பையைக்கூட வைக்கவில்லை. "உன் புத்திசாலித்தனத்துல எங்கப்பனுக்குப் பேரன் பந்தம் புடிக்கிற கொடுப்பினையும் போச்சா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பாதியில் அவிழ்த்தால் ஆத்தா கோவிப்பாள் என்றார்கள் சிலர். அவிழ்க்காவிட்டால் செத்தவர் கோவிப்பார் என்றார்கள் மற்றவர்கள். எல்லோரும் கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். கயிறு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை பையன்களும் ஒரே நேரத்தில், அதுவும் எழவு வீட்டு வாசலில், அவிழ்த்த கையோடு நிற்பார்கள். அதில் என் மகனும் ஒருவன். இன்றைக்குப் பந்தம் பிடிப்பான், முதல் தடவையாகக் காட்டுக்குப் போவான். பயம் தெளிய ஒரு வாய் என்று அவனுக்கு யாராவது ஊற்றாமல் இருக்க மாட்டார்கள். அவன் அப்பாவுக்கு நடந்தது அப்படியே அவனுக்கும் நடக்கும்.

"அவுத்துருங்க" என்றேன்.

பூசாரி எழவு வீட்டுக்கு வரக் கூடாது என்பதால் தெருமுனை வேப்பமரத்தடியிலேயே நின்றார். பையன்கள் வரிசையாகப் போய்க் கை நீட்டினார்கள். கற்பூரம் காட்டி ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தட்டில் போட்டார். என் பெருமை எல்லாம் மஞ்சள் குவியலாக அந்தத் தட்டில் கிடந்தது.

நான் திரும்பி வரும்போது என் கொழுந்தனார் வண்டியிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். பூவுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரித்ததில் சரக்குக்கு அவர். வீட்டில் ஆள் கூட்டம், பூட்டுகிற அறை ஒன்றே ஒன்றுதான், அது என் தையல் அறை. தைக்கக் கொடுத்த துணி காணாமல் போகக் கூடாது என்று நான் எப்போதும் அதற்குப் பூட்டுப் போட்டு வைப்பேன். பெட்டிகளை என் மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, "சாவி குடுங்கண்ணி, நானு பாத்துக்கறன்" என்று கை நீட்டினார்.

சாவி என் இடுப்பில் இருந்தது. வழக்கம்போல் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் நீட்டிய கையைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் வாங்குகிற கைக்குத்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். ஊற்றுகிற கையை ஒருத்தியும் பார்க்கவில்லை.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. வேணுங்கறவங்கள இங்க வரச் சொல்லுங்க. நானே குடுக்கறன்."

"நீங்களா?"

"ஏன், எனக்கு அளந்து ஊத்தத் தெரியாதா? அளவு எடுக்கறதுதான எனக்குப் பொழப்பு."

அவர் திகைத்துப்போய் அண்ணனைத் தேடினார். நான் அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். விஷயம் தெரிந்ததும் எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேர் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்கள் பையன்களும்தான் தெருவில் வெறுங்கையோடு நின்றார்கள். இரண்டே விதி வைத்தோம். யாருக்கு என்று சொல்ல வேண்டும். இங்கேயே குடித்துவிட்டுப் போக வேண்டும், கிளாஸும் பாட்டிலும் படியைத் தாண்டாது.

முதலில் குழி வெட்டிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் வந்தார். "யாருக்குங்க?" என்றேன். "எனக்குத்தாம்மா" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். வெயிலில் மண் வெட்டிவிட்டு வந்தவரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவர் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வந்தவர்கள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. படி வரை வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், செருப்பைத் தேடுவது மாதிரி பாவனை செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். துக்க வீட்டு மருமகளிடம் நின்று பிராந்தி கேட்பதற்கு நம் ஆண்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூரத்துப் பங்காளி ஒருவர் கூசவில்லை. "ஆறு கிளாஸ் குடும்மா" என்றார்.

"யாரு யாருக்குங்க?"

"ஆடற பசங்களுக்குத்தான்."

"எந்தப் பசங்கன்னு சொல்லுங்க. அவங்கம்மாவக் கூப்புடறன். அவ எதுர்லயே ஊத்தறன்."

படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "எம் பையனும் அதுல இருக்கானுங்களா மாமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு வராமல் இல்லை. மாமனார் கிடக்கிறார், மருமகள் பாட்டிலுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள் என்று என் காது கேட்கவே சொன்னார்கள். அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நடுவில் எழுந்து பூட்டிவிட்டுப் போய், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். பந்தம் சுற்றும்போதும் போய் நின்றேன். என் மகன் முன்னால் வர, அவன் வயதுப் பையன்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அவன் பந்தத்திலிருந்து நெய் சொட்டியது. நாத்தனார் அவனைப் பார்த்துப் பார்த்து அழுதாள். என்மேல் இருந்த கோபம் அதோடு அவளுக்குக் குறைந்திருக்க வேண்டும். நான் தையல் அறைக்குத் திரும்பியபோது அவள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மேளம் வேகமெடுத்தது. எடுக்கிற நேரம் நெருங்கிவிட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

ஓசூரில் கட்டட வேலைக்குப் போகிறவர், தகவல் கேட்டதும் வந்து சேர்ந்திருந்தார். தலை மழித்து, ஈர வேட்டியோடு நின்றார். கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டிய மூத்த மகன். வந்ததிலிருந்து அவர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. படியில் இருந்த பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள்.

"சின்ன பாட்டிலா ஒண்ணு குடு. மடியில வெச்சுக்கறன்" என்றார்.

"வெளிய எடுத்துட்டுப் போவக் கூடாதுங்க. யாருக்கு?"

அவர் ஈர வேட்டியின் மடியை இழுத்துச் செருகினார். எனக்குத் தெரியும். காட்டுக்குப் போனபின் அங்கே என் கை நீளாது, என் குழு வராது. மடியில் போகிற அந்தச் சின்ன பாட்டில் யாருக்கென்று கேட்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் வர வேண்டும் என்று இருந்தேன். கொழுந்தனாரிடமும் பங்காளியிடமும் இருந்த தைரியம் எனக்கு அப்போது பாதிதான் இருந்தது.

"யாருக்குங்க?" என்று மறுபடியும் கேட்டேன்.

"பையன் மொத தடவ காட்டுக்கு வரான். சின்னப் பையன், பயந்துக்குவான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "எங்க தாத்தன் செத்தப்ப எனக்கும் எங்கப்பன்தான் குடுத்துது. பயம் தெளியும்னு."

"தெளிஞ்சுதுங்களா?"

சண்டைக்காக நான் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் குடியைப் பற்றிக் கத்தியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். இதை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தெளிஞ்சிருந்தா இன்னி வரைக்கும் எதுக்குக் குடிக்கறன்" என்றார்.

வெளியே அவரைக் கூப்பிட்டார்கள். எதுவும் வாங்காமல் படியிறங்கிப் போனார். நான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருமுனை வரை பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டே போனேன். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. பையன்கள் ஆடிக்கொண்டு போனார்கள். குடிக்காமலும் நன்றாகத்தான் ஆடினார்கள்.

அதற்கப்புறம் விழுந்த சாவுகளில் எல்லாம் சாவி பெண்களிடம்தான். முதல் இரண்டு வீடுகளில் நாங்கள் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கிடா விருந்துக்கும் அப்படியே வந்துவிட்டது. பெட்டிகளும் குறைந்துவிட்டன. பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றால் நிறையப் பேருக்குத் தாகமே எடுப்பதில்லை. காப்பை நாங்கள் ஆடிக்கே விட்டுவிட்டோம். பூசாரிக்கு நிம்மதி.

என் வீட்டுக்காரர் குடியை விட்டாரா என்று கேட்பார்கள். விடவில்லை. குறைத்திருக்கிறார். அது அவர் பாடு, அவரோடு நான் போடுகிற சண்டை வேறு.

மாமனாரை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் காட்டுக்குப் போனவர்கள் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பினார்கள். வீடு கழுவி வாசலில் விளக்கு வைத்திருந்தோம். என் மகன் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தான். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்கிற சாக்கில் அவன் கழுத்தோரம் குனிந்தேன். கிணற்றுத் தண்ணீர் வாடையும் புகை வாடையும்தான் வந்தது.

"அளவு எடுத்துட்டியாம்மா?" என்றான். அவனுக்கு என்னைத் தெரியும்.

நான் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினேன். "பயமா இருந்துச்சாடா?"

"ரொம்ப இருந்துச்சு" என்றான். "அப்பாவுக்கும் பயமாம். ஒரு கையில சட்டி வெச்சுக்கிட்டு, இன்னொரு கையில என்னப் புடிச்சுக்கிட்டாரு. திரும்பி வர வரைக்கும் உடவே இல்ல."